கெட்டுப்போன காப்பும் ஒரு தட்டு போண்டாவும்

1

இந்தக் கதை ஒரு தட்டு போண்டாவில் தொடங்கியது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெரிய கதைகள் போரில் தொடங்கும், பிரிவில் தொடங்கும். என் அதிர்ஷ்டத்துக்குப் போண்டா கிடைத்தது.

வில்லியனூரிலிருந்து ஒரு வேலையாகப் பாகூருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே டீக்கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். சாமிக்கு வேண்டிக்கொண்டு விரதம் இருக்கிறவர்கள் கட்டிக்கொள்கிற காப்பு. ஆனால் காலில் புத்தம்புதுச் செருப்பு. இடது கால் கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு. அவர் கையை வாய்க்குக் கொண்டுபோனார். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். அறுத்ததைப் பக்கத்து வேப்பமரத்தின் பட்டையில் பத்திரமாகச் சொருகினார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஒரு தட்டு போண்டா குடு. டீல சக்கரய அள்ளிப் போடு. அதான் எல்லாம் கெட்டுப்போச்சே, அப்பறம் இன்னா!"

பஸ் கிளம்பிவிட்டது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கைச்சரக்கு. கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் அவருக்குப் பெயர் வைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, ஒரு கழனியும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்த உற்சாகத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்தேன். நடக்கும்போதுதான் கேள்வி பிடித்துக்கொண்டது. எல்லாம் கெட்டுப்போச்சு என்றாரே, எது எல்லாம்?

2

முதல் வரியை இப்படி எழுதினேன்:

'பாகூர் ஏரியின் மேல் காலைச் சூரியன் தன் பொன்னிறக் கதிர்களை —'

வேண்டாம். சூரியன் இல்லாமலே இந்தக் கதையைச் சொல்லலாம்.

'கரும்பு பயிரிடும் சிவப்பிரகாசத்துக்குச் சர்க்கரை நோய் வந்தபோது, விதியின் —'

இதுவும் வேண்டாம். கரும்புக்காரருக்குச் சர்க்கரை என்பது கதைக்காகச் செய்தது மாதிரி இருக்கிறது என்பீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள், நெல்லுக்காரருக்கும் இருக்கிறது. விதியை இதில் இழுக்கவேண்டியதில்லை.

சாதாரணமாக இந்த இடத்தில் நான் காகிதத்தைக் கசக்கிவிடுவேன். ஒரு வரி கோணினால் கதையே கோணல் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் இருப்பதால்தான் என் வீட்டில் கதைகளைவிடக் கசங்கிய காகிதம் அதிகம். ஆனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று பார்க்கிற அவசரத்தில் எனக்குக் கசக்க நேரமில்லை. கோணல் வரிகளை அங்கங்கே விட்டுவைத்திருக்கிறேன். தாண்டி வாருங்கள், கால் பத்திரம்.

3

சிவப்பிரகாசம் பாகூர்க்காரர். ஏரிப் பாய்ச்சலில் கொஞ்சம் நெல், மேட்டுக் கழனியில் கரும்பு. பெண்டாட்டி பெயர் அமுதம். அமுதத்தின் தம்பி அரிகரன், மாமாவோடு சேர்ந்து கரும்பைப் பார்த்துக்கொள்கிறான். இந்த மூன்று பேரும் ஒரு நர்ஸும் இருந்தால் கதைக்குப் போதும்.

சிவப்பிரகாசத்திடம் ஒரு குணம். எடுத்தால் முழுசு, இல்லாவிட்டால் சுத்தமாக ஒன்றுமில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துப் பின்பக்கச் சுவரில் ஒரு திட்டு விழுந்துவிட்டால் பிரஷ்ஷைப் போட்டுவிடுவார். இன்னொரு நல்ல நாள் பார்த்து முதல் சுவரிலிருந்து அடிக்கவேண்டும் என்பார். அந்த நல்ல நாள் வரும்வரை வீடு அரைகுறையாகப் பல்லிளித்துக்கொண்டு நிற்கும்.

இதே குணம் அவருக்கு மரியாதை வாங்கிக்கொடுத்த இடமும் உண்டு. ஆடியில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. காப்புக் கட்டிய நாளிலிருந்து கவுச்சி கிடையாது, செருப்புக் கிடையாது, மெத்தை கிடையாது. வருஷா வருஷம் நெருப்பில் இறங்கி ஏறுவார். போன ஆடியில் துளிக்கூட எரியவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். காப்பு சுத்தமாக இருந்தால் அம்மா சுடமாட்டாள் என்பது அவர் நம்பிக்கை.

அதனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆரோக்கியம்*, "சோத்தக் கொஞ்சம் கொறைங்க ஐயா, இனிப்ப வுடுங்க, தெனமும் கொஞ்சம் நடங்க" என்று சொன்னபோது, அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான்."

அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. சாமிகூடக் கொஞ்சம் விரதம் இரு என்று கேட்டதில்லை. அவரே சட்டம் போட்டுக்கொண்டார். சோற்றைத் தொடுவதில்லை. இனிப்பு வாடையே ஆகாது. ஏரிக்கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்த் திரும்பவேண்டும். சும்மா இல்லை, அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு.

காப்புக் கட்ட நல்ல நாள் வேண்டுமே. தை முதல் தேதி என்று குறித்தார். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல். பொங்கலன்று பொங்கல் தின்னாதவன் கழனி வைத்திருந்து என்ன பயன்? மறுநாள் மாட்டுப் பொங்கல். அதற்கு மறுநாள் அரிகரன் வீட்டில் விருந்து. தைப்பூசத்துக்குத் தள்ளினார். அன்றைக்குச் சுத்துக்கேணியில் சொந்தக்காரப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு, இலையில் பாயசம். நம் ஊரில் இது ஒரு பெரிய சிக்கல். நல்ல நாள் என்றால் அன்றைக்குக் கட்டாயம் இனிப்பு உண்டு.

கடைசியில் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, யார் வீட்டிலும் விசேஷம் இல்லையென்று அமுதத்தை விட்டு விசாரித்துவிட்டு, காப்புக் கட்டிக்கொண்டார்.

(* ஆரோக்கியம் என்று நர்ஸுக்குப் பெயர் வைத்தால் சிரிப்பீர்கள் என்று தெரியும். மாற்றிப் பார்த்தேன், ஒட்டவில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு ஆரோக்கியம் உண்டு, அதில் ஒருவர் நர்ஸாக இருக்கக்கூடாதா?)

4

ஆரம்பம் அமர்க்களம். கூழும் கீரையும்தான் சாப்பாடு. விடிந்ததும் வெறுங்காலோடு கரைக்குப் போய்விடுவார். எதிரே வருகிறவர்களிடம் நிற்கக்கூட மாட்டார், கையைத் தூக்கிக் காப்பைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எனக்கும் எழுத எழுதக் கை ஓடியது. இப்படியே போனால் கதை பதினைந்து வரியில் சுபம்.

ஒருநாள் திரும்பும்போது, கழனியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று குறுக்கே இறங்கினார். கரும்பு வெட்டு முடிந்த கழனி. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தரை. கிட்டே போனால் தரையோடு தரையாகச் சாய்த்து வெட்டிய கட்டைகள், ஒவ்வொன்றும் உளி.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார். டிவியைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அமுதம் சத்தம் போட்டாள்.

"வூட்டுக்குள்ள யாரு குங்குமத்தக் கொட்டி மிதிச்சிக்கினு நடந்தது?"

"அரிகரன் வந்தானா?" என்று அவரும் தேடினார்.

சிவப்புத் தடம் வாசலிலிருந்து தண்ணீர்க் குடத்துக்குப் போயிருந்தது. குடத்திலிருந்து டிவிக்கு. அமுதம் குனிந்தபடியே துடைப்பத்தோடு அதன் பின்னால் வந்தாள். தடம் நாற்காலிக்கு அடியில் வந்து நின்றது.

"யோவ்," என்றாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். "காலத் தூக்கு."

5

ஆரோக்கியம் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டாள். பிறகு, "கண்ண மூடிக்கோங்க ஐயா. உள்ளங்கால்ல தொடுவன். தொட்டதும் சொல்லுங்க," என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார்.

"தொடு சிஸ்டரு, எவ்ளோ நேரம் மூடிக்கினு இருக்கறது?"

"நான் தொட்டு முடிச்சிட்டன் ஐயா."

அமுதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவப்பிரகாசம் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போன ஆடியில நெருப்பு எரியவே இல்ல சிஸ்டரு. அம்மா அருள்னு நெனச்சன்."

"அருளப்பத்தி எனக்குத் தெரியாது ஐயா. காலப்பத்தித் தெரியும். சக்கர வந்து மரத்துப்போன இந்தக் காலு சுட்டாலும் சொல்லாது, குத்தினாலும் சொல்லாது. புண்ணு ஆறணும். ஆறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பன், அங்க வெரல எடுக்கச் சொல்லிடுவாங்க. ஆறுற வரைக்கும் தூரமா நடக்காதீங்க, வூட்டுப் பக்கமா கொஞ்சம் போதும். செருப்பு இல்லாம வாசப்படியத் தாண்டாதீங்க."

"காப்புக் கட்டியிருக்கனே. செருப்புப் போடக்கூடாது."

"காப்பு கையில இருக்குது. செருப்பு காலுக்கு."

அமுதம் அன்றைக்கே செருப்பு வாங்கினாள், கடை வாசலிலேயே மாட்டிவிட்டாள். மருந்து வாங்க அவள் அந்தப் பக்கம் போன நேரத்தில்தான் சிவப்பிரகாசம் கணக்குப் போட்டார். செருப்புப் போட்டாச்சு, காப்பு கெட்டது. ஏரிக்கரையைச் சுற்றக்கூடாது என்றாகிவிட்டது, நடை கெட்டது. இரண்டும் கெட்டபிறகு வாயை மட்டும் கட்டி என்ன?

எதிரே டீக்கடை. மிச்சம் உங்களுக்குத் தெரியும், நானும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

6

அன்றைக்கு உடைந்தது உடைந்ததுதான். போண்டாவோடு நிற்கவில்லை. மூன்று வேளையும் சோறு, கடைத்தெருவில் கரும்புச் சாறு, யார் இலை போட்டாலும் இரண்டாம் முறை பாயசம். கேட்டால் பதில் தயார். "சித்திர ஒண்ணாந்தேதி புதுசா காப்புக் கட்றன். அதுவரைக்கும் என்ன வுடு." சித்திரை ஒன்றுக்கும் பாயசம் உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. புண் ஈரமாகவே இருந்தது. கட்டுமாற்றும்போதெல்லாம் ஆரோக்கியத்தின் முகம் இறுகிக்கொண்டே போனது.

எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் போண்டா தின்றார், சரி, அதற்காகக் காலையே விலையாகக் கொடுப்பாரா? அவரை எப்படியாவது திருத்தவேண்டுமென்று இப்படி எழுதினேன்:

'அப்போது ஏரிக்கரையில் ஒரு வெண்தாடிப் பெரியவர் வந்தார். தம்பி, கரையில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் —'

நிறுத்துகிறேன். யார் இந்தப் பெரியவர்? எந்த ஊர், எதற்கு வந்தார்? மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் ஒரு பெரியவரை வரவழைப்பது எழுதுகிறவர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம். அவரை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினேன்.

'அமுதம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் —'

அமுதம் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் அவர் கண்ணில் படாமல் வெல்லத்தை அரிசிப் பானைக்குள் புதைத்துவைக்கிறவள். கதறுகிறவள் வேறு யாராவது இருப்பார்கள், வேறு கதையில்.

காகிதத்தைக் கசக்கக் கை போனது. பாதிவரை கசக்கியும்விட்டேன். பிறகு நீவிவிட்டு, அவர்களை அவர்கள் பாட்டுக்குக் கழனியில் விட்டுப் பார்த்தேன்.

7

பங்குனி. கரும்பை ஒருமுறை நட்டால் ஒரு வெட்டோடு முடிந்துபோவதில்லை. வெட்டிய கட்டையே மறுபடி துளிர்விடும். அதற்கு மறுதாம்பு என்று பெயர். சிவப்பிரகாசத்தின் காலைக் குத்திய அதே கட்டைகள் இப்போது பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தன. எல்லாக் கட்டையும் துளிர்ப்பதில்லை, அங்கங்கே சொட்டை விழும்.

செருப்புக் காலோடு வரப்பில் நின்றார் சிவப்பிரகாசம். அரிகரன் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சொட்ட சொட்டயா இருக்குது மாமா. அந்த ஓரம் பூரா மொளைக்கல. பேசாம டிராக்டரச் சொல்லட்டா? எல்லாத்தையும் ஓட்டிப் போட்டுட்டு, நல்ல நாளு பாத்துப் புதுசா நட்டுடலாம்."

சிவப்பிரகாசத்துக்கு உச்சிவரை ஏறியது.

"உனக்கு இன்னா புத்தி பேதலிச்சிப் போச்சா? அங்க ஒண்ணு இங்க ஒண்ணு வரலன்னா, நல்லா வந்தத எவனாவது ஓட்டுவானா? போன எடத்துல ஒரு துண்டு கரும்புக் கரணைய வெட்டி ஊனு. தண்ணியக் காட்டு. மத்ததோட மத்ததா அதுவும் வந்துடும். இதுக்கு நல்ல நாளு பாக்கறானாம் நல்ல நாளு! இன்னிக்கே ஊன்றா!"

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற அமுதம், தூக்கை வரப்பில் வைத்தாள்.

"இப்ப இன்னா சொன்ன?"

"கரணைய ஊனச் சொன்னன்."

"அதுக்கு முன்னால."

"நல்லா வந்தத எவனாவது ஓட்டு—"

அமுதம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா?" என்றான் அரிகரன், ஒன்றும் புரியாமல்.

"ஒண்ணுமில்லடா. உங்க மாமாவுக்குப் புத்தியெல்லாம் கழனிக்கு மட்டுந்தான். வூட்டுக்கு எடுத்துக்கினு வர்றதில்ல."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். சத்தியமாக இது என் திட்டத்தில் இல்லை. அரிகரனை நான் கழனிக்கு அனுப்பியது சும்மா ஆள் சேர்ப்பதற்காக. வருஷா வருஷம் சொட்டைக்குக் கரணை ஊன்றிய கை அது. அந்தக் கைதான் டீக்கடையில் தன்னையே அடியோடு உழுது போட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, மேஜைமேலிருந்த டீ கவிழ்ந்தது.

8

தூக்கைத் திறந்தார். சோற்றில் பாதியை அரிகரன் தட்டில் தள்ளினார். மீதியைத் தின்றார். முழுசாக விட்டுவிடவில்லை, கவனியுங்கள். தின்று கைகழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து, தெருக்கோடி வரை நடக்கக் கிளம்பினார்.

"செவ்வாய்க்கெழம," என்றாள் அமுதம். "ராவுகாலம் வேற."

"அதான் சரியான நேரம். ராவுகாலத்துல எவனும் பாயசம் ஊத்தமாட்டான்."

தெருக்கோடி என்பது எவ்வளவு தூரம்? ஏரிக்கரையை முனைக்கு முனை அளந்தவருக்கு அது தூரமே இல்லை. யாராவது பார்த்துவிடப்போகிறார்களே என்று கூச்சமாக இருந்தது. பார்த்தார்கள். "இன்னா சிவப்பிரகாசம், காப்பு எங்க?" என்றும் கேட்டார்கள். "கையில இல்ல," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இதற்குப்பின் எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நேராகவில்லை. திருபுவனையில் ஒரு கல்யாணம், பாயசத்தைக் கண்டதும் கை நீண்டுவிட்டது. வழக்கப்படி "கெட்டுப்போச்சு" என்று வாய்வரை வந்தது. அமுதம் பக்கத்து இலையிலிருந்து குனிந்து, காதோடு காதாக, "டிராக்டரச் சொல்லட்டா?" என்றாள். அவருக்குப் புரையேறியது. அன்று இரவு அரைத் தோசையோடு எழுந்தார், மறுநாள் தெருக்கோடிக்குப் போனார். சித்திரை ஒன்றாம் தேதி ஒரு கரண்டிப் பாயசத்தோடு நிறுத்தினேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தார். பின்கட்டில் போய் இன்னொரு கரண்டி குடித்ததை அமுதமும் நானும் பார்த்தோம், சொல்லவில்லை. மறுநாளும் தெருக்கோடிக்குப் போனார். போகாத நாளும் உண்டு, அதற்கு மறுநாள் போனார்.

(இந்தப் பகுதி நொண்டுகிறது என்று தெரிகிறது. கல்யாணத்தை இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம். இருக்கட்டும். பின்னால் ஒரு நல்ல இடம் வருகிறது, அங்கே ஈடுகட்டுகிறேன்.)

9

ஆரோக்கியம் கட்டை அவிழ்த்தாள். பஞ்சு, மருந்துத் தட்டு, நாலு பேர் உட்கார்ந்திருக்கிற பெஞ்சு. சிவப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் மூடச் சொல்லவில்லை.

"ஆறிடுச்சா, ஆறலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு சிஸ்டரு."

"ஆறிக்கினு இருக்குது ஐயா."

"அப்படின்னா?"

"ஓரமெல்லாம் கூடி வந்துருக்குது. நடுவுல கொஞ்சம் பாக்கி. இப்படியே பாத்துக்கினா வெரலத் தொடவேண்டியதில்ல."

ஆரோக்கியம் பஞ்சை மருந்தில் நனைத்துக் காயத்தின் ஓரத்தைத் துடைத்தாள். சிவப்பிரகாசம் வெடுக்கென்று காலை இழுத்தார்.

"இன்னா ஆச்சி?" என்று அமுதம் எழுந்தாள்.

"எரியுது," என்றார். நம்பமுடியாமல் காலைப் பார்த்தார். "எரியுதுடி! அமுதம், எரியுதுடி!"

பெஞ்சிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எரியவில்லை எரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்த மனிதர், எரிகிறது என்று கத்திக்கொண்டு ஒற்றைக்காலைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர்.

"ஆடாதீங்க ஐயா, மருந்து கொட்டுது. ஓரமா கொஞ்சம் உணர்ச்சி இருக்குது, அவ்ளோதான். பூரா வந்துட்ட மாதிரி கூத்தாடாதீங்க. ஆடிக்குத் தீ மிதிக்கலாமான்னு இப்பவே கேக்காதீங்க."

"கொஞ்சம் போதும் சிஸ்டரு," என்றார் சிவப்பிரகாசம். "கொஞ்சம் போதும்."

10

இனி முடிவு. நிஜத்தில் அந்தப் போண்டாக்காரர் யார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ நன்றாக இருக்கட்டும். என் சிவப்பிரகாசம் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து அதே டீக்கடை வாசலில் நிற்கிறார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து போண்டா இறங்குகிற நேரம். வேப்பமரத்துப் பட்டையில் அந்த மஞ்சள் கயிறு வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது. அமுதம் ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைக்காரர் தட்டை எடுத்துவிட்டார்.

'சிவப்பிரகாசம் தலையை ஆட்டி மறுத்துவிட்டு —' என்று எழுதினேன். அழகாகத்தான் இருக்கிறது. 'ஒரே ஒரு போண்டா, சந்தோஷத்துக்கு —' என்றும் எழுதினேன். அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. 'ஒரு தட்டு முழுக்க —' என்றுகூட ஒரு வரி இருக்கிறது, கோபத்தில் எழுதியது, அடிக்கவில்லை.

எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு வரமாட்டேன். நான் பிடிவாதமாக நிற்பது ஒரே ஒரு வரிக்காகத்தான். நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் அதற்கு அடுத்த வரி இதுவாகத்தான் இருக்கவேண்டும்:

மறுநாள் காலையில் சிவப்பிரகாசம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்குக் கிளம்பினார்.